பழைய ஹொண்டா சி 90, சி 70: டைமிங் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

டைமிங், அதாவது பிளக்கில் ஸ்பார்க் அடிக்கும் நேரம், தானாக நகர்வதில்லை. கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்திருக்கும், பிளேட் ஸ்குரூ தளர்ந்திருக்கும், அட்வான்ஸ் ஸ்பிரிங் இழுபட்டிருக்கும், அல்லது முன்பொருகால் ஆரோ வேறு எஞ்சினின் மக்னட்டை, அதாவது கிராங்கின் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரத்தை, கொண்டுவந்து பூட்டியிருப்பார்கள். நகர்த்தியது எது என்று பார்க்காமல் பிளேட்டை மட்டும் திருப்பிவிட்டால் வண்டி அன்றைக்கு நன்றாக ஓடும். இரண்டு கிழமையில் பழையபடி கிக்கர் காலில் அடிக்கும். ஆகவே டைமிங்கைக் கொண்டுவந்து நிறுத்துவதோடு, அதை நகர்த்திய சாமான் எதுவென்று கண்டுபிடிப்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வீதிகளில் நெல்மூட்டையோடும், வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் மீன்பெட்டியோடும் இன்னும் ஓடுகிற, பொயின்ட் (கேம் தள்ளத் திறந்து மூடி ஸ்பார்க்கை அடிக்கவைக்கும் சிறு சுவிட்ச்) உள்ள 6 வோல்ட் வண்டிகளுக்கானது இது. சிடிஐ என்ற மின்னணு ஸ்பார்க் முறை பூட்டிய பிந்திய வண்டிகளில் பொயின்டே இல்லை; அவற்றுக்கு இது பொருந்தாது.

முதலில் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

சி 90-இல் பொயின்ட் சிலிண்டர் ஹெட்டின் இடப்பக்கம், சிறிய வட்ட மூடிக்குள் இருக்கும். கேம் தண்டின் நுனியில் அது வேலை செய்கிறது. கரன்ட் பற்றரியிலிருந்து வருகிறது. பொயின்ட் பிளேட்டுக்குப் பின்னால், வேகம் கூடும்போது டைமிங்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் வெயிட் இரண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பிளேட்டை 1 பாகை திருப்பினால் கிராங்கில் 2 பாகை நகரும். கை கூடினால் எல்லாம் கூடிப்போகும்.

மக்னட் வகை சி 50, சி 70-இல் பொயின்ட் இடப்பக்க மக்னட்டுக்குள் இருக்கும். மக்னட்டைக் கழற்றாமலே அதன் ஜன்னல் வழியாகப் பொயின்டை அளக்கலாம், நகர்த்தலாம். ஸ்பார்க்குக்குப் பற்றரி தேவையில்லை. இந்த வகையில் டைமிங்குக்கென்று தனியாகத் திருப்ப ஒன்றுமில்லை. பொயின்ட் இடைவெளியை மாற்றுவதே டைமிங்கை மாற்றுவது.

இரண்டுக்கும் பொதுவான அளவுகள்: பொயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பட் (வால்வு) இடைவெளி 0.05 மி.மீ. மக்னட்டில் எழுத்துப் போட்ட இரண்டு கோடு வெட்டியிருக்கும். டி என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது; எஃப் என்றால் ஸ்பார்க் அடிக்க வேண்டிய இடம். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் மக்னட் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தத் திசையில் சுற்றும்போது முதலில் எஃப், பிறகு டி வரும். எஃப் தாண்டிப் போனபின் பொயின்ட் திறந்தால் பிந்தி அடிக்கிறது. எஃப் வருமுன்பே திறந்தால் முந்தி அடிக்கிறது.

மனதில் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டிய தொடர்பு ஒன்று உண்டு. இடைவெளியைக் கூட்டினால் பொயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும். குறைத்தால் பிந்தும். அதனால்தான் எந்த வண்டியிலும் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்தால் இரண்டுமே பிழையாகும்.

அடிப்படை வைப்பு

பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் கையால் இலகுவாகச் சுற்றும். பொயின்ட் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) பொய் சொல்லும்: மேட்டில் 0.35 என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூட இருக்கும். மெல்லிய பொயின்ட் அரத்தால் மேட்டை எடுத்து முகங்களைச் சமமாக்குங்கள். மணல்தாள் வேண்டாம், அதன் துகள் உலோகத்தில் புதைந்து நின்று கரன்டைத் தடுக்கும். அரம் போட்டபின் பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றை இடையில் வைத்து இழுங்கள். கடதாசி கறுப்பில்லாமல் வரும்வரை இழுக்க வேண்டும். புதுப் பொயின்டிலும் துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டிவிட்டு ஸ்பார்க் இல்லையென்று கொயில் மாற்றியவர்கள் பலர்.

மக்னட்டைச் சுற்றி, பொயின்ட் ஆகக் கூடுதலாகத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்தி 0.35 வையுங்கள். ஸ்குரூவை இறுக்கும்போது அளவு நகரும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும்.

சி 90-க்கு அடுத்த வேலை பல்ப். 6 வோல்ட் 3 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து, ஒன்றைப் பொயின்ட் வயர் வரும் இடத்திலும் மற்றதை எஞ்சினில் சுத்தமான உலோகத்திலும் கவ்வுங்கள். சாவியைப் போடுங்கள். பொயின்ட் மூடியிருக்கையில் பல்ப் எரியாது. திறந்த கணம் எரியும். மக்னட்டை எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி, பல்ப் எரியத் தொடங்கும் இடத்தில் எஃப் கோடு எஞ்சினிலுள்ள அடையாளத்துக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். எஃப் வந்தும் பல்ப் மாறவே இல்லையா? பிழையில்லை, வெளியேற்றும் சுற்றில் நிற்கிறீர்கள். இன்னும் ஒரு முழுச்சுற்று விடுங்கள். எஃப் தாண்டிவிட்டால் சற்றுப் பின்னுக்குத் திருப்பி அங்கேயே நிறுத்தக் கூடாது. டைமிங் செயினின் தளர்வு மறுபக்கம் விழுந்து அளவு கெடும். கால் சுற்று பின்னே போய், மறுபடி ஓடும் திசையிலேயே வர வேண்டும்.

நேரே வரவில்லையென்றால் பிளேட்டின் இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தித் திருப்புங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். பொயின்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள்; கொயில் சூடேறிக் கெடும், பற்றரியும் இறங்கும்.

சி 70-இல் இந்தப் பல்ப் வேலை செய்யாது. மல்டிமீற்றரின் ஒலியும் ஏமாற்றும், ஏனெனில் மக்னட் கொயிலின் தடை மிகச் சிறியது. பொயின்ட் திறந்தாலும் மீற்றர் விடாமல் கத்தும். ஆகக் குறைந்த ஓம் அளவில் வைத்து எண் சற்றே கூடும் கணத்தைப் பார்க்கலாம். அதைவிட எளிது, சிகரெட் பெட்டியைச் சுற்றிவரும் கண்ணாடித்தாளைப் பட்டையாக வெட்டிப் பொயின்டுக்கு இடையில் வைத்து, ஒரு கையால் மிக மெல்லென இழுத்தபடி மறுகையால் மக்னட்டைச் சுற்றுவது. தாள் விடுபடும் இடம்தான் பொயின்ட் திறக்கும் இடம். அது எஃப்-க்கு நேரே வரும்படி பொயின்டை நகர்த்துங்கள். பிறகு இடைவெளியை அளந்தால் 0.3-க்கும் 0.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். எஃப் நேரே வர 0.5 அல்லது 0.2 தேவைப்பட்டால் அந்தப் பொயின்ட் முடிந்துவிட்டது, அல்லது மக்னட் தன் இடத்தில் இல்லை.

இனி அறிகுறிகள்.

கிக்கர் காலில் திருப்பி அடிக்கிறது

பிஸ்டன் ஏறி முடியுமுன் வெடிக்கிறது என்று பொருள். கணுக்காலை முறிக்கக்கூடிய கோளாறு இது, பார்க்காமல் இன்னொருமுறை மிதிக்க வேண்டாம்.

சி 70-இல் முதலில் இடைவெளியை அளவுங்கள். 0.5-க்கு மேல் போயிருந்தால் காரணம் அதுவே. புதுப் பொயின்டைப் பூட்டிவிட்டுக் கண்ணால் பார்த்து வைத்த வண்டிகளில் இது அடிக்கடி வரும். இடைவெளி சரி, எஃப்-உம் நேரே வருகிறது, ஆனாலும் அடிக்கிறதென்றால் எஃப் கோட்டையே நம்பாதீர்கள். மக்னட்டைக் கிராங்கில் பிடித்திருக்கும் அரைவட்டக் கீ வெட்டுப்பட்டு, மக்னட் சற்றே சுழன்று நிற்கலாம். நட் சரியாக இறுகாத வண்டிகளில் கீ வெட்டுப்படும். மக்னட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தம் பலம் குறையும், நடுவிலுள்ள ரிவிட்டும் தளரும். புதுக் கீ போடுமுன் கிராங்கின் கூம்பையும் மக்னட்டின் துளையையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். மக்னட்டைப் பிடித்துவைப்பது அந்தக் கூம்புதான். கீ இடத்தைக் காட்ட மட்டுமே.

சி 90-இல் அட்வான்ஸ் வெயிட்டைச் சந்தேகியுங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் நனைந்த வண்டி தை மாதத்தில் திருப்பி அடிக்கத் தொடங்கினால், வெயிட் விரிந்த நிலையில் துருப்பிடித்து நிற்கிறது என்பது அநேகமாக நிச்சயம். பொயின்ட் கேமை விரலால் அது சுற்றும் திசையில் திருப்பிப் பாருங்கள். சற்றுத் திரும்பி, விட்டவுடன் டப்பென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ வராமலே நின்றாலோ பிளேட்டைக் கழற்றி, வெயிட்டைப் பெற்றோலில் கழுவி, அச்சாணியில் மிக மெல்லிதாகக் கிரீஸ் தடவுங்கள். திரும்பப் பூட்டும்போது பொயின்ட் கேமைக் கழற்றிய அதே முகத்தில் வையுங்கள். அரைச்சுற்று மாறிப் பூட்டினால் ஸ்பார்க் வெளியேற்றும் சுற்றில் அடிக்கும். வண்டி எழும்பாது, கார்பரேட்டர் வழியாகத் துப்பும்.

எழும்பும், ஓடும், ஆனால் இழுவை இல்லை, எஞ்சின் கொதிக்கிறது

எங்கள் பக்கத்தில் ஆகக் கூடுதலாக வரும் அறிகுறி இதுதான், மெதுவாக வருவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. முன்பு மூன்றாம் கியரில் போன வேகத்துக்கு இப்போது அக்சிலேட்டரைக் கூட முறுக்க வேண்டியிருக்கும். சைலன்சர் குழாய் ஹெட்டுக்குக் கிட்ட நீலம் பாரிக்கும். பெற்றோல் கூடப் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வண்டியை நிறுத்தினால் மறுபடி எழும்ப அடம்பிடிக்கும்.

டைமிங் பிந்தியிருக்கிறது. பிந்தவைத்தது பெரும்பாலும் ஃபைபர் கட்டை. கேம் உலர்ந்திருந்தால் கட்டை தேயும்; தேயத்தேய இடைவெளி சுருங்கும்; சுருங்கச்சுருங்க டைமிங் பிந்தும். அளந்து பார்த்தால் 0.2 மட்டில் நிற்கும். இடைவெளியை மறுபடி 0.35-க்குக் கொண்டுவந்தாலே டைமிங்கின் பெரும்பகுதி திரும்பிவிடும். அதோடு நிறுத்தாமல் கேமைத் தொட்டு நிற்கும் கம்பளித் துண்டைப் பாருங்கள். கல்லுப்போல் காய்ந்திருந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், அல்லது கேமில் அரிசியளவு பெயரிங் கிரீஸ் தடவுங்கள். அரிசியளவுதான். கூடினால் சூட்டில் உருகிப் பொயின்ட் முகத்தில் தெறித்துக் கரியும், அப்போது ஸ்பார்க்கே போகும்.

சி 90-இல் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: பல்ப் வைத்துப் பார்த்தால் எஃப் கச்சிதம், சும்மா நிற்கையில் ஓட்டமும் நன்று, ஆனால் வேகத்தில் இழுவை இல்லை. வெயிட் மூடிய நிலையில் இறுகிவிட்டது, வேகம் கூடும்போது டைமிங் முந்தவில்லை. நின்ற எஞ்சினில் இதைக் காண முடியாது, ஸ்பார்க் அடிக்கும் கணந்தோறும் மின்னும் ஸ்ட்ரோப் லைட் தேவை. பெரும்பாலான ஸ்ட்ரோப் 12 வோல்டில் வேலை செய்வது. வண்டியின் 6 வோல்ட் பற்றரி போதாது. பக்கத்தில் நிற்கும் ஓட்டோவின் பற்றரியிலிருந்து கரன்ட் எடுங்கள், கவ்வியைப் பிளக் வயரில் மாட்டுங்கள். சும்மா நிற்கையில் எஃப் அடையாளத்துக்கு நேரே நிற்க வேண்டும். வேகத்தைக் கூட்டும்போது அது விலகி, அருகருகே வெட்டிய இரட்டைக் கோடு அடையாளத்துக்கு வந்து நிலையாக நிற்க வேண்டும். எஃப் அசையாமல் நின்றால் வெயிட்டைக் கழற்றுங்கள்.

டைமிங்கில் கைவைக்குமுன் பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கிளச் வழுக்குகிறதா, சைலன்சர் கரியடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூன்றும் இதே அறிகுறியைத் தரும்.

பாரத்தில் டிக்டிக்கென்று தட்டும் சத்தம்

மட்டக்களப்பு தட்டையான நாடு. ஏற்றம் என்றால் பாலத்தின் தலைப்புத்தான். அதனால் முந்திய டைமிங் ஊருக்குள் மறைந்திருக்கும். ஒருவரைப் பின்னால் ஏற்றி, மூன்றாம் கியரில் மெதுவாகப் போய், ஒரே முறுக்காக அக்சிலேட்டரைத் திறந்து கேளுங்கள். செங்கலடியிலிருந்து மகாஓயா தாண்டிப் பிபிலைப் பக்கம் ஏறுகிறவர்கள் புறப்படுமுன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் தட்டியபடி ஓட்டினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

எஃப்-ஐப் பாருங்கள், முந்தியிருந்தால் கொண்டுவந்து வையுங்கள். சரியாக இருந்தும் தட்டினால் சி 90-இல் அட்வான்ஸ் ஸ்பிரிங் இழுபட்டு, குறைந்த வேகத்திலேயே முழுவதும் முந்துகிறதா என்று ஸ்ட்ரோப்பில் பாருங்கள். அந்த வண்டியில் இன்னொரு அடையாளமும் தெரியும்: அக்சிலேட்டரை விட்டபின்னும் எஞ்சின் சில செக்கன்கள் வேகமாகவே நின்று மெல்லத்தான் இறங்கும். ஸ்பிரிங்கை வெட்டிச் சுருக்காதீர்கள், மாற்றுங்கள். மிஞ்சுவது பிஸ்டன் தலையில் படிந்த கரி. தட்டுகிறதே என்று எஃப்-க்குக் கீழே பிந்தவைப்பது தற்காலிக அமைதி மட்டும். சூடு கூடி வேறு சாமானைத் தின்னும்.

வைத்த டைமிங் நிற்கவில்லை, கோடு ஆடுகிறது

ஸ்ட்ரோப்பில் எஃப் ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால் எதையோ ஆட்டம் பிடித்திருக்கிறது. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: பிளேட் ஸ்குரூ, பொயின்ட் ஸ்குரூ, பொயின்ட் கை சுழலும் அச்சாணி. பிறகு சி 90-இல் டைமிங் செயின். அது தளர்ந்திருந்தால் கேம் தண்டு கிராங்குக்கு ஒத்து ஓடாது. ஹெட் பக்கம் சலசலப்பும் கேட்கும். டென்ஷனரைப் பாருங்கள். செயின் ஆடும் வண்டியில் எத்தனைமுறை பல்ப் பிடித்தாலும் பயனில்லை. மக்னட் வகையில் கிராங்க் பெயரிங் தேய்ந்திருந்தால் மக்னட்டே மேலும் கீழும் ஆடும். கையால் பிடித்து அசைத்தால் தெரியும்.

குளிரில் நன்று, சூடேறியதும் நிற்கிறது

இதை டைமிங் என்று நினைத்துப் பிளேட்டைத் திருப்புவது வீண்வேலை. காரணம் கொண்டென்சர் (பொயின்டில் நெருப்பு தெறிக்காமல் காக்கும் சாமான்) அல்லது கொயில். நின்ற உடனே, சூடு ஆறுமுன், பொயின்ட் மூடியைத் திறந்து கிக்கரை மிதித்துப் பாருங்கள். பொயின்டுக்கு இடையில் பெரிய வெள்ளை நெருப்பு தெறித்தால் கொண்டென்சர். பொயின்டில் பெரிதாக ஒன்றுமில்லை, பிளக்கிலும் ஸ்பார்க் மெலிந்திருக்கிறது என்றால் கொயில். குழியும் மேடுமாகப் பொயின்ட் சீக்கிரம் கெடும் வண்டியிலும் கொண்டென்சரை மாற்றாமல் புதுப் பொயின்ட் மட்டும் போடக் கூடாது. சி 90-இல் பற்றரியையும் அளந்துவிடுங்கள். முழுதாக ஏறிய 6 வோல்ட் பற்றரி ஓய்வில் 6.3 மட்டில் காட்டும்.

ஸ்பார்க்கே இல்லை

பொயின்ட் மாற்றிய உடனே இது வந்தால், பொயின்ட் வயர் பூட்டும் இடத்திலுள்ள ஃபைபர் வாஷர்களைப் பாருங்கள். வரிசை மாறினால் வயர் நேரே எஞ்சினைத் தொட்டுவிடும், பொயின்ட் திறந்தும் திறக்காதது போலாகும். கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

மழைக்குப் பிறகு வந்தால் சாவிச் சுவிட்ச். இங்கே இரண்டு வகையும் எதிரெதிர்: சி 90-இல் சாவி கரன்டைக் கொடுக்கிறது, மக்னட் வகையில் சாவியை அணைக்கும்போது அது கரன்டை எஞ்சினுக்குள் இறக்கிவிடுகிறது. ஆகவே சுவிட்சுக்குள் தண்ணீரோ உப்போ இறங்கிய சி 70, சாவி போட்டிருந்தாலும் அணைத்தது போலவே நிற்கும். சுவிட்சுக்குப் போகும் வயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றி மிதியுங்கள். ஸ்பார்க் வந்தால் சுவிட்சைச் சுத்தம்செய்யுங்கள். கடலோரத்தில் மீன்பெட்டி ஏற்றும் வண்டிகளில் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத்தண்ணீர் வயர் மூட்டுகளைப் பச்சைபிடிக்க வைக்கும், அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேயுங்கள். மூடிக்குள் எண்ணெய் நின்றால் சீல் போய்விட்டது. பொயின்டை எத்தனைமுறை துடைத்தாலும் மறுபடி நனையும்.

எல்லாம் சரி, ஆனாலும் வண்டி சரியில்லை

எஞ்சின் மாறிய வண்டிகளில், கழிவிலிருந்து எடுத்துப் பூட்டிய மக்னட்டின் கோடுகள் அந்த எஞ்சினுக்கு உரியவையாக இல்லாமல் போகலாம். டி கோடு உண்மையிலேயே உச்சிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதற்குள் முனை மழுங்கிய ஆணி ஒன்றை உறுதியாகப் பூட்டி, பிளக் துளையில் வையுங்கள். வால்வு இரண்டும் மூடிய சுற்றில் மக்னட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஆணியில் முட்டி நிற்கும். மக்னட்டில், எஞ்சின் அடையாளத்துக்கு நேரே, பென்சிலால் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவில் உள்ளதே உண்மையான உச்சி. டி அங்கே இல்லையென்றால், டி-க்கும் எஃப்-க்கும் உள்ள தூரத்தை நூலால் அளந்து, புது உச்சியிலிருந்து அதே தூரத்தில் புது எஃப் வெட்டிக்கொள்ளுங்கள். அதே ரக எஞ்சினின் மக்னட்டாக இருந்தால் மட்டுமே இந்தத் தூரம் செல்லும்.

புதுப் பொயின்ட் போட்ட வண்டியில் ஃபைபர் கட்டை முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் படிந்து சற்றுத் தேயும். 500 கிலோமீற்றர் ஓடியதும் மூடியைத் திறந்து இடைவெளியை 0.35-க்குக் கொண்டுவந்து, பல்பையோ கண்ணாடித்தாளையோ வைத்து எஃப்-ஐ இன்னொருமுறை பாருங்கள். அதன்பின் மாரி தொடங்குமுன் ஒருதரம், வெள்ளம் வடிந்தபின் ஒருதரம் திறந்து பார்த்தால் போதும்.